மன்னர்களை ஆக்கிய நெவில் குடும்பமும் இங்கிலாந்தின் முடியுரிமைச் சிக்கலும்

பொதுத் தேர்தலொன்றில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காதவிடத்து, சில ஆசனங்களை மட்டும் கைவசம் வைத்திருக்கும் தலைவர் ஒருவரை 'கிங்மேக்கர்' என்று அரசியல் விமர்சகர்கள் வர்ணிப்பது வழக்கம். தாம் அரியணையில் அமராமலே, அதில் யார் அமர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் வல்லமை பெற்றவர் என்பதே இதன் பொருளாகும். இப்பட்டம் வரலாற்றில் நிரந்தரமாக ஒட்டிக்கொண்ட பெயர், 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் வாரிக் பிரபுவான ரிச்சர்ட் நெவில் என்பவருடையது. பத்தாண்டு காலத்தினுள் ஒரு மன்னரை அரியணை ஏற்றி, பின்னர் அவரையே நாட்டை விட்டுத் துரத்தி, தாம் முன்னர் வீழ்த்திய மன்னரை மீண்டும் அதே அரியணையில் அமர்த்தியவர் இவர்.

இப்பட்டத்தைப் புகழுரையாகப் பயன்படுத்துவோர் அவருடைய கதையின் முடிவைப் பெரும்பாலும் நினைவிற் கொள்வதில்லை. மன்னர்களை ஆக்கிய அந்தக் குடும்பத்தின் பிரதான கிளைகளில் ஒன்று சில தசாப்தங்களுக்குள்ளேயே சிதைந்து போனது. ஒரு பிரபுக் குடும்பத்துக்கு மன்னரையே தெரிவு செய்யும் பலம் எங்கிருந்து வந்தது, அப்பலம் அக்குடும்பத்தையே ஏன் அழித்தது என்ற இரு கேள்விகளுக்கும் விடை ஒன்றேதான். ஆட்சிமாற்றம் எவ்வாறு நிகழ வேண்டும் என்பதைத் தெளிவாகக் கூறும் சட்டம் அன்றைய இங்கிலாந்தில் இருக்கவில்லை.

சட்டத்தில் இருந்த இடைவெளி

1377ஆம் ஆண்டில் மூன்றாம் எட்வேர்ட் மன்னர் இறந்தபோது அவருடைய மூத்த புதல்வர் ஏற்கெனவே மரணமடைந்திருந்தார். எனவே, அம்மூத்த புதல்வரின் மகனான இரண்டாம் ரிச்சர்ட் சிறு வயதிலேயே மன்னரானார். 1399இல் அவருடைய சிறிய தந்தையான லங்காஸ்டர் கோமகன் ஜோன் ஒப் கோண்டின் மகன், ரிச்சர்டைப் பதவியிறக்கி நான்காம் ஹென்றி என்ற பெயருடன் முடிசூடினார். லங்காஸ்டர் வம்சத்தின் ஆட்சி இவ்வாறே ஆரம்பமானது.

சிக்கல் யாதெனில், லங்காஸ்டர் கோமகனுக்கு மூத்தவரான லயனல் என்ற இளவரசருக்கும் வழித்தோன்றல்கள் இருந்தனர் என்பதாகும். ஆனால், லயனலுக்கு ஆண் மக்கள் இல்லை. ஒரே மகளான பிலிப்பா மோர்ட்டிமர் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டார். அவ்வழியில் வந்த ஆன் மோர்ட்டிமர், மூன்றாம் எட்வேர்டின் மற்றொரு புதல்வரான யோர்க் கோமகனின் குடும்பத்தில் மணம் முடித்தார். இவர்களுக்குப் பிறந்தவரே யோர்க் கோமகன் ரிச்சர்ட் ஆவார்.

ஆகவே, மூத்த புதல்வரின் வழியில் பெண்ணூடாக வந்த உரிமை பெரிதா, இளைய புதல்வரின் வழியில் ஆண்களூடாக மட்டும் வந்த உரிமை பெரிதா என்ற கேள்வி எழுந்தது. முன்னையது யோர்க் வம்சத்தின் வாதம். பின்னையது லங்காஸ்டர் வம்சத்தின் வாதம். இக்கேள்விக்கு விடை கூறும் சட்டம் எதுவும் இயற்றப்பட்டிருக்கவில்லை. ஆற்றல் மிக்க மன்னர் ஆளும் வரை இக்கேள்வி உறங்கிக் கிடந்தது. பலவீனமான மன்னர் ஒருவர் வந்தபோது அது விழித்துக்கொண்டது.

திருமணங்களால் எழுந்த மாளிகை

நெவில் குடும்பத்தினர் வட இங்கிலாந்தைச் சேர்ந்தவர்கள். டர்ஹம் பிரதேசத்திலுள்ள ராபி கோட்டை அவர்களின் இருப்பிடமாக விளங்கியது. ஸ்கொட்லாந்து எல்லையைக் காக்கும் பொறுப்பு அக்காலத்தில் வடபுலப் பிரபுக்களிடமே ஒப்படைக்கப்பட்டிருந்ததால், அங்கு பெரும் படைகளை வைத்திருப்பது அவர்களுக்கு இயல்பான விடயமாயிற்று. 1397இல் ரால்ப் நெவில் என்பவரை வெஸ்ட்மோர்லண்ட் பிரபுவாக உயர்த்தியவர் இரண்டாம் ரிச்சர்ட் மன்னராவார். அவ்வாறிருந்தும், இரண்டே ஆண்டுகளில் அம்மன்னரைப் பதவியிறக்க வந்த ஹென்றியின் பக்கம் ரால்ப் நெவில் சேர்ந்துகொண்டார். அரியணைக்கான போட்டியில் உரிய வேளையில் உரிய பக்கம் சாய்வது எத்துணை இலாபகரமானது என்பதை அக்குடும்பம் அன்றே கற்றுக்கொண்டது எனலாம்.

ரால்பின் இரண்டாவது மனைவி ஜோவான் பியூபோர்ட், ஜோன் ஒப் கோண்டின் மகளும் நான்காம் ஹென்றி மன்னரின் மாற்றாந்தாய்வழிச் சகோதரியுமாவார். இரு மனைவியருக்கும் பிறந்த பிள்ளைகள் இருபதுக்கும் மேற்பட்டோர். அவர்களுடைய திருமணங்களே அக்குடும்பத்தின் மிகப் பெரிய முதலீடாக அமைந்தன. மகள்மாருள் கத்தரின் நோர்போக் கோமகனையும், ஆன் பின்னாளில் பக்கிங்ஹாம் கோமகனாக உயர்ந்தவரையும், எலினோர் வடபுலத்தின் மற்றைய பெருங்குடும்பமான பேர்சி குடும்பத்தின் தலைவரான நொர்தம்பர்லண்ட் பிரபுவையும் மணம் முடித்தனர். கடைசி மகளான செசிலி யோர்க் கோமகன் ரிச்சர்டின் மனைவியானார்.

ஆண் மக்களும் இதே வழியையே பின்பற்றினர். ஜோவானின் மூத்த மகன் ரிச்சர்ட், சாலிஸ்பரி பிரபுவின் ஒரே மகளை மணந்து அப்பட்டத்தைப் பெற்றார். அவருடைய மகனும் ரிச்சர்ட் என்ற பெயரைக் கொண்டவரே. 1428இல் பிறந்த அவர், ஆன் போஷம்ப் என்ற பெருஞ்செல்வ வாரிசை மணந்து 1449இல் வாரிக் பிரபுவானார். நாம் மேலே குறிப்பிட்ட 'கிங்மேக்கர்' இவரேயாவார். யோர்க் கோமகனின் மனைவி செசிலி இவருக்கு மாமி முறை. செசிலியின் மக்கள் இவருக்கு மைத்துனர் முறையினர். அரசுரிமைப் போட்டியில் வாரிக் எப்பக்கம் நின்றார் என்பதை விளங்கிக்கொள்வதற்கு இவ்வுறவுமுறை பெரிதும் உதவும்.

ஆயினும், இத்திருமண வலை ஒற்றுமையை மட்டும் கொண்டுவரவில்லை. ரால்ப் தமது நிலங்களில் பெரும் பங்கை இரண்டாவது மனைவியின் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்றமையால், முதல் மனைவியின் வழிவந்த மூத்த கிளையினர் தீராப் பகை கொண்டனர். நெவில் குடும்பம் இரண்டாகப் பிளவுபட்டது. இப்பிளவு பின்னர் வாரிக்கின் கைகளையே கட்டிப்போட்டதை மேலே காண்போம்.

நோயுற்ற மன்னரும் பகை கொண்ட பிரபுக்களும்

1422இல் ஒன்பது மாதக் குழந்தையாக அரியணை ஏறிய ஆறாம் ஹென்றி, பக்தியும் சாந்த குணமும் கொண்டவராயினும் ஆட்சித் திறன் அற்றவராகவே வளர்ந்தார். 1453 ஜூலையில் நடந்த கஸ்தியோன் போரில் தோல்வியுற்றதை அடுத்து, கலே துறைமுகம் தவிர்ந்த பிரெஞ்சு நிலங்கள் யாவும் இங்கிலாந்தின் கையை விட்டுப் போயின. அடுத்த மாதமே மன்னரின் சித்தம் கலங்கியது. சுமார் 17 மாதங்கள் அவர் எவருடனும் உரையாடும் நிலையில் இருக்கவில்லை. அதே ஆண்டு ஒக்டோபரில் பிறந்த தமது மகனைக்கூட அவரால் அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை.

மன்னர் இருந்தும் இல்லாத அந்நிலையில், பிரபுக்களின் தனிப்பட்ட பகைகள் நாட்டின் அரசியலாயின. வடக்கில் நெவில் குடும்பத்துக்கும் பேர்சி குடும்பத்துக்கும் இடையில் 1453இலேயே ஆயுத மோதல்கள் ஆரம்பமாகிவிட்டன. பேர்சியினர் மன்னரின் நெருங்கிய ஆலோசகரான சமர்செட் கோமகனுடன் அணி சேர்ந்தனர். நெவில்கள் அதற்கு எதிராக யோர்க் கோமகனுடன் இணைந்தனர். 1455 மே 22ஆம் திகதி சென் அல்பன்ஸ் நகரின் வீதிகளில் இரு தரப்பும் மோதின. சமர்செட் கோமகனும் நொர்தம்பர்லண்ட் பிரபுவும் கொல்லப்பட்டனர். பின்னையவர் எலினோர் நெவிலின் கணவர். அதாவது, சொந்தச் சகோதரியின் கணவருக்கு எதிராகவே சாலிஸ்பரி பிரபு அன்று வாளெடுத்திருந்தார். ரோஜாப்பூப் போர்கள் என்று பின்னாளில் அழைக்கப்பட்ட நீண்ட உள்நாட்டுப் போரின் முதல் மோதல் இதுவே.

இவ்வெற்றிக்குப் பரிசாக வாரிக் கலே கோட்டையின் தளபதியானார். நிரந்தரமாகப் பேணப்பட்ட மிகப் பெரிய ஆங்கிலக் காவற்படை அங்கேயே நிலைகொண்டிருந்தது. அரசின் பணத்தில் இயங்கிய அப்படை நடைமுறையில் ஒரு பிரபுவின் படையாக மாறியமை வரவிருந்த அனர்த்தத்தின் முன்னறிகுறியாகும்.

நீதியரசர்கள் மௌனம் காத்த வழக்கு

1460 ஜூலையில் நொர்தம்ப்டன் போரில் வாரிக் வெற்றி பெற்று மன்னரைக் கைப்பற்றினார். அப்போரில் மன்னருக்காகப் போரிட்டு மடிந்த பக்கிங்ஹாம் கோமகனும் அவருடைய மாமி ஒருவரின் கணவரே. ஒக்டோபரில் யோர்க் கோமகன் பாராளுமன்றத்துக்கு வந்து, அரியணை தமக்கே உரியது எனப் பகிரங்கமாகக் கோரினார். பிரபுக்கள் திகைத்துப் போயினர். மன்னரின் கெட்ட ஆலோசகர்களை அகற்றுவது வேறு, மன்னரையே அகற்றுவது வேறு என்று அவர்களுட் பலர் கருதினர்.

இவ்விடத்தில் நிகழ்ந்த ஒரு சம்பவம் முழு வரலாற்றையும் விளக்கவல்லது. பிரபுக்கள் இவ்வுரிமைக் கோரிக்கை குறித்து நாட்டின் நீதியரசர்களிடம் அபிப்பிராயம் கேட்டனர். இது சட்டத்துக்கு மேற்பட்ட விடயம் என்றும் தமது கல்விக்கு அப்பாற்பட்டது என்றும் கூறி நீதியரசர்கள் ஒதுங்கிக்கொண்டனர். அரசின் அதியுயர் பதவி யாருக்கு உரியது என்பதைச் சொல்ல நாட்டின் நீதிமன்றத்தால் இயலவில்லை. நீதிமன்றம் விலகிய இடத்துக்கு வாள் வந்து சேர்ந்தது.

இறுதியில் ஓர் இணக்கப்பாடு எட்டப்பட்டது. ஹென்றி உயிருள்ளவரை மன்னராக இருப்பார், அவருக்குப் பின் யோர்க் கோமகனும் அவர் வாரிசுகளும் ஆள்வர் என்று பாராளுமன்றம் ஏற்றுக்கொண்டது. இதனால் ஹென்றியின் ஏழு வயது மகன் எட்வேர்ட் உரிமை இழந்தான். அவனுடைய தாயான மார்கரெட் அரசி இதை எவ்வாறு ஏற்பார்? 1460 டிசம்பர் 30ஆம் திகதி வேக்பீல்ட் போரில் லங்காஸ்டர் படை யோர்க் கோமகனைக் கொன்றது. சாலிஸ்பரி பிரபு பிடிக்கப்பட்டுச் சிரச்சேதம் செய்யப்பட்டார். இருவர் தலைகளும் யோர்க் நகர வாயிலில் குத்தி வைக்கப்பட்டன. கோமகனின் தலைக்குக் காகிதக் கிரீடம் ஒன்றும் சூட்டப்பட்டது.

தந்தையை இழந்த வாரிக்கும், தந்தையை இழந்த யோர்க்கின் மூத்த மகன் எட்வேர்டும் இப்போது ஒன்றிணைந்தனர். 1461 மார்ச் 4ஆம் திகதி, 18 வயதான எட்வேர்ட் லண்டனில் நான்காம் எட்வேர்ட் மன்னராகப் பிரகடனம் செய்யப்பட்டார். அம்மாதம் 29ஆம் திகதி பனி பொழிய நடந்த டௌட்டன் போர் அப்பிரகடனத்தை உறுதிசெய்தது. அதில் 28,000 பேர் மடிந்ததாக அக்காலக் கடிதங்கள் கூறுகின்றன. இத்தொகை மிகைப்படுத்தப்பட்டது என இன்றைய ஆய்வாளர் பலர் கருதினாலும், இங்கிலாந்து மண்ணில் நடந்த மிகக் கொடூரமான போர்களுள் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. மடிந்தவர்களுள் லங்காஸ்டர் தரப்பில் நின்ற மூத்த கிளையின் ஜோன் நெவிலும் ஒருவராவார்.

ஆக்கியவரும் ஆக்கப்பட்டவரும்

புதிய ஆட்சியில் நெவில் குடும்பம் உச்சத்தைத் தொட்டது. வாரிக்கின் ஒரு சகோதரர் ஜோர்ஜ், நாட்டின் வேந்தராகவும் யோர்க் பேராயராகவும் விளங்கினார். மற்றைய சகோதரர் ஜோன், பேர்சிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நொர்தம்பர்லண்ட் பட்டத்தை 1464இல் பெற்றார். ஆனால், ஆக்கியவர் எதிர்பார்ப்பது நன்றிக்கடன். ஆக்கப்பட்டவர் விரும்புவதோ சுதந்திரம். இவ்விரண்டும் நெடுங்காலம் ஒன்றாக வாழ்வது அரிது.

மன்னருக்கு பிரெஞ்சு அரச குடும்பத்தோடு தொடர்புடைய மணப்பெண் ஒருவரை வாரிக் தேடிக்கொண்டிருந்த வேளையில், 1464 மே மாதத்தில் எட்வேர்ட் எவருக்கும் தெரியாமல் எலிசபெத் வூட்வில் என்ற விதவையை மணந்துகொண்டார். இரு பிள்ளைகளின் தாயான அவருடைய முதற்கணவர் லங்காஸ்டர் தரப்பில் போரிட்டு மடிந்தவர். செப்டெம்பரில் இவ்விடயம் வெளிவந்தபோது வாரிக் அவமானமடைந்தார். புதிய அரசியின் சகோதரிகள் நாட்டின் முன்னணிப் பிரபுக் குடும்பங்களில் மணம் முடித்து வைக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த வாரிக்கின் மாமி கத்தரினுக்கு அரசியின் இருபது வயதுத் தம்பி கணவராக்கப்பட்டார். திருமணங்களால் உயர்ந்த நெவில் குடும்பத்தின் உபாயத்தையே இப்போது வேறொரு குடும்பம் கையாளத் தொடங்கியிருந்தது.

1467இல் ஜோர்ஜ் நெவிலிடமிருந்து வேந்தர் பதவி பறிக்கப்பட்டது. பிரான்சுடன் உறவை வேண்டிய வாரிக்கின் கொள்கையைப் புறந்தள்ளி, 1468இல் மன்னர் தமது சகோதரியை பிரான்சின் போட்டியாளரான பர்கண்டிக் கோமகனுக்கு மணம் முடித்துக் கொடுத்தார்.

வாரிக்குக்கு ஆண் மக்கள் இல்லை. இசபெல், ஆன் என்ற இரு மகள்மாரே இருந்தனர். 1469 ஜூலையில் மன்னரின் தடையை மீறி, மன்னரின் தம்பியான கிளாரன்ஸ் கோமகனுக்கு இசபெலை கலேயில் மணம் முடித்து வைத்தார். அம்மாதமே வடக்கில் எழுந்த கலகத்தைப் பயன்படுத்தி நான்காம் எட்வேர்டைக் கைதுசெய்தார். அரசியின் தந்தையும் தம்பியும் விசாரணையின்றிக் கொல்லப்பட்டனர். ஆறாம் ஹென்றி லண்டன் கோபுரத்திலும் நான்காம் எட்வேர்ட் நெவில்களின் மிடில்ஹம் கோட்டையிலுமாக, ஒரே வேளையில் இரு மன்னர்கள் சிறையிருக்கும் விநோதத்தை இங்கிலாந்து கண்டது.

ஆனால், வாரிக்கினால் ஆட்சி நடத்த முடியவில்லை. நெவில்களின் மூத்த கிளையைச் சேர்ந்த ஹம்ப்ரி நெவில் லங்காஸ்டர் பெயரில் கிளர்ந்தெழுந்தபோது, அவரை அடக்கப் படை திரட்ட வாரிக் விடுத்த அழைப்புக்கு எவரும் செவிசாய்க்கவில்லை. மன்னர் சுதந்திரமாக இருந்தால் மட்டுமே படைக்கு வருவோம் என்பதே மக்களின் நிலைப்பாடு. வேறு வழியின்றி எட்வேர்டை விடுவிக்க வேண்டியதாயிற்று. மன்னரை ஆக்கும் வலிமை பெற்றவரிடம் மன்னருக்குரிய அதிகாரம் இருக்கவில்லை. அவருடைய பலம் முழுவதும் மன்னரின் பெயரில் தங்கியிருந்தது. அப்பெயரைச் சிறையிலடைத்தபோது அவருடைய பலமும் கூடவே சிறைப்பட்டது.

1470இல் வாரிக் பிரான்சுக்குத் தப்பியோடினார். தாம் வசித்து ஆண்ட கலே துறைமுகமே அவருக்கு வாயிலைத் திறக்க மறுத்தது. கப்பலில் இசபெலுக்குப் பிறந்த குழந்தை இறந்து போனது. ஜூலையில் அஞ்சேர் நகரில் பிரெஞ்சு மன்னர் பதினோராம் லூயியின் அனுசரணையுடன், தமது பரம வைரியான மார்கரெட் அரசியின் முன் வாரிக் மண்டியிட்டு மன்னிப்புக் கோரினார். இளைய மகள் ஆன், மார்கரெட்டின் மகன் எட்வேர்டுக்கு நிச்சயிக்கப்பட்டார். யோர்க் வம்சத்து மாப்பிள்ளை ஒருவரும் லங்காஸ்டர் வம்சத்து மாப்பிள்ளை ஒருவருமாக இரு பக்கமும் வாரிக்குக்கு வாய்த்தது. இதற்குள் நான்காம் எட்வேர்ட், நொர்தம்பர்லண்ட் பட்டத்தைப் பேர்சிகளுக்கே திருப்பிக் கொடுத்திருந்தார். அதனால் மனங்கசந்த ஜோன் நெவிலும் சகோதரர் பக்கம் சாய்ந்தார். எட்வேர்ட் கடல் கடந்து தப்பியோட, ஆறாம் ஹென்றி ஒக்டோபரில் மீண்டும் மன்னரானார்.

அவ்வாட்சி ஆறு மாதங்கள்தான் நிலைத்தது. 1471 மார்ச்சில் எட்வேர்ட் திரும்பி வந்தார். லங்காஸ்டர் ஆட்சியில் தமக்கு எதிர்காலமில்லை என உணர்ந்த கிளாரன்ஸ் மாமனாரைக் கைவிட்டு அண்ணனிடம் சென்றார். ஏப்ரல் 14ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு அதிகாலையில் பார்னெட்டில் அடர்ந்த மூடுபனிக்குள் போர் மூண்டது. வாரிக்கின் படையினர் தம் தரப்பினரையே எதிரிகள் எனக் கருதித் தாக்கிக்கொண்டனர். வாரிக்கும் ஜோனும் கொல்லப்பட்டனர். அவர்கள் இறந்ததை மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக இருவரின் உடல்களும் லண்டன் சென் போல்ஸ் தேவாலயத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன. மே 4ஆம் திகதி டியூக்ஸ்பரி போரில் மார்கரெட்டின் மகனும் மடிந்தார். மே 21ஆம் திகதி இரவு ஆறாம் ஹென்றியின் வாழ்வும் கோபுரத்தினுள் முடிவுற்றது.

எஞ்சியவர்களின் கதி

ஆண்களின் போரில் தோற்றவர்களின் கணக்கைப் பெண்களும் பிள்ளைகளும் தீர்க்க வேண்டியிருந்தது. விதவையான ஆன் நெவிலை மன்னரின் கடைசித் தம்பியான குளோஸ்டர் கோமகன் ரிச்சர்ட் மணந்தார். நெவில் சகோதரிகளின் கணவர்களான அரச சகோதரர்கள் இருவரும் மாமனாரின் சொத்துக்காகச் சண்டையிட்டனர். அச்சொத்தின் பெரும் பகுதிக்குச் சட்டபூர்வ உரிமையாளர் வாரிக்கின் மனைவி ஆன் போஷம்ப். அவர் உயிருடன் இருந்தார். இதற்குத் தீர்வாக 1474இல் பாராளுமன்றம், அவரை இயற்கையாக இறந்தவர் போலவே கருத வேண்டும் எனச் சட்டமியற்றி நிலங்களை மருமகன்மாருக்குப் பங்கிட்டுக் கொடுத்தது. உயிருள்ள ஒரு பெண்ணைச் சட்டத்தினால் இறக்கச் செய்த அவ்விதி, சட்டமும் பலவான்களின் பணியாளாகிவிட்டதைக் காட்டியது.

1478இல் கிளாரன்ஸ் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கொல்லப்பட்டார். 1483இல் நான்காம் எட்வேர்ட் இறந்ததும், குளோஸ்டர் கோமகன் தமது அண்ணன் மகனின் முடியைக் கைப்பற்றி மூன்றாம் ரிச்சர்ட் ஆனார். கோபுரத்தில் வைக்கப்பட்ட இளவரசர்கள் இருவரும் பின்னர் காணப்படவேயில்லை. வாரிக்கின் மகள் ஆன் இவ்வாறு இங்கிலாந்தின் அரசியானார். தந்தை கண்ட கனவு பலித்தது. ஆனால், அவருடைய ஒரே மகன் 1484இலும் அவர் 1485 மார்ச்சிலும் மரணமடைந்தனர். அவ்வாண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி பொஸ்வர்த் களத்தில் மூன்றாம் ரிச்சர்ட் மடிய, ஹென்றி டியூடர் மன்னரானார்.

இசபெலின் மகனான எட்வேர்ட் பத்து வயதில் சிறையிடப்பட்டு, யோர்க் வம்சத்து வாரிசாகப் பிறந்த ஒரே காரணத்தால் 1499இல் 24 வயதில் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவருடைய சகோதரி மார்கரெட் போல், எட்டாம் ஹென்றியின் கட்டளைப்படி 1541இல் 67ஆவது வயதில் கொலைக்களம் கண்டார். மூத்த கிளையினரும் தப்பவில்லை. முதலாம் எலிசபெத்துக்கு எதிராக 1569இல் எழுந்த வடபுலக் கிளர்ச்சியில் பங்கேற்ற ஆறாவது வெஸ்ட்மோர்லண்ட் பிரபு யாவற்றையும் இழந்து வெளிநாட்டில் இறந்தார். ராபி கோட்டை அரச உடைமையானது.

சட்டம் வாளின் இடத்தைப் பெற்றமை

இங்கிலாந்து இப்பாடத்தைக் கற்கப் பல தலைமுறைகள் எடுத்தன. டியூடர் மன்னர்கள் பிரபுக்களின் தனிப்பட்ட படைகளுக்குக் கடிவாளமிட்டனர். எட்டாம் ஹென்றி வாரிசுரிமையைப் பாராளுமன்றச் சட்டங்களினூடாக வரையறுக்க முற்பட்டார். 1701ஆம் ஆண்டுச் சட்டம் அரசுரிமையின் வரிசையைத் தெளிவாக எழுதி வைத்தது. ஆணுக்கு முன்னுரிமை என்ற பழைய விதியையும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. 2022 செப்டெம்பரில் இரண்டாம் எலிசபெத் மறைந்த அன்றே மூன்றாம் சாள்ஸ் மன்னரானார். யாரும் ஒரு பிரபுவின் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

நெவில்களின் கதைக்கு அறிவியல் அண்மையில் ஒரு பின்னிணைப்பை எழுதியது. 2012இல் லெஸ்டர் நகரின் வாகனத் தரிப்பிடமொன்றின் கீழ் கண்டெடுக்கப்பட்ட எலும்புக்கூடு மூன்றாம் ரிச்சர்டினுடையது என உறுதிப்படுத்த உதவியது, தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் மரபணுவாகும். அவருடைய சகோதரியின் பெண்வழியில் வந்தோரின் மரபணுவுடன் அது பொருந்தியது. அவர்கள் அனைவருக்கும் அம்மரபணுவை வழங்கிய பொதுத் தாய் செசிலி நெவில் ஆவார். மாறாக, ஆண்வழி உறவினர் எனக் கருதப்பட்டோரின் மரபணு பொருந்தவில்லை என 2014இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. இடையில் ஏதோவொரு தலைமுறையில் ஆண்வழித் தொடர் அறுந்திருக்கிறது. ஆண்வழியா பெண்வழியா என்று கேட்டுப் பல்லாயிரம் பேர் மடிந்த போருக்கு இதைவிடக் கசப்பான முடிவுரை இருக்க முடியாது.

செசிலியின் பேத்தியான யோர்க் எலிசபெத்தை ஹென்றி டியூடர் 1486இல் மணந்தார். அதனால் எட்டாம் ஹென்றி தொட்டு இன்றுவரை அங்கு ஆண்ட மன்னர் அனைவரிலும் நெவில் இரத்தம் ஓடுகிறது. வாளினாலும் சூழ்ச்சியினாலும் வாரிக் ஆக்கிய மன்னர்களின் ஆட்சிகள் நிலைக்கவில்லை. கூட்டணிகளின் காலத்தில் 'கிங்மேக்கர்' என்ற பட்டத்தை விரும்பி அணிவோரும் அவர்களிடம் அதிகாரத்தை ஒப்படைப்போரும் பார்னெட் களத்து மூடுபனியை ஒரு தடவை நினைத்துப் பார்ப்பது நல்லது. ஆட்சிமாற்றத்துக்கான விதி எழுதப்பட்டிராத இடத்தில் ஒரு தனிமனிதர் எவ்வளவு பலம் பெற்றாலும் அது அவருக்கும் பாதுகாப்பல்ல, நாட்டுக்கும் பாதுகாப்பல்ல.